ஹார்ட் டிஸ்க் போச்சு என்று சொல்வதற்கு முன்: கணினி துவங்கும் கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருச்சியிலிருந்து அக்கா போன்.

"தம்பி, கம்ப்யூட்டர் ஆன் ஆகுது, ஆனா விண்டோஸ் வரமாட்டேங்குது. கடைக்காரப் பையன் வந்து பார்த்தான். ஹார்ட் டிஸ்க் போயிருச்சு, புதுசு மாத்திடலாம், பழசுல இருக்கிறது எதுவும் வராதுன்னு சொல்லிட்டான். அப்பா போட்டோ எல்லாம் அதுலதான்டா இருக்கு."

அப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவர் இருக்கும்போதே பழைய ஆல்பங்களை எல்லாம் அக்கா ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். அதற்குப் பிறகு வந்த ஒரு மழையில் ஆல்பங்கள் நனைந்து வீணாகிவிட்டன. ஆக, இருப்பது அந்த ஒரே ஒரு டிஸ்க். காப்பி எடுத்து வைக்காதது என்னுடைய தப்பும்தான். இந்தத் தொழிலில் இருபது வருடமாக இருப்பவன் நான்.

"ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்கு? அப்படியே வாசி" என்றேன்.

"ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்..." என்று வாசித்தாள்.

சரியான பூட் டிவைஸைத் தேர்ந்தெடுத்து மறுபடி துவக்கு என்கிறது. அதில் டிஸ்க் கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தைகூட இல்லை. "டிஸ்க்கைத் தொடாதே, ஃபார்மட் பண்ண விடாதே, மத்தியானம் வீடியோ கால்ல பார்ப்போம்" என்று சொல்லி வைத்தேன்.

இப்படி ஒரு வரி திரையில் வரும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதைச் சொல்வது யார்?" என்பதுதான். ஏனென்றால் கணினி துவங்குவது ஒரே புரோகிராம் செய்யும் வேலை கிடையாது. நாலைந்து புரோகிராம்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வேலையை வாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களால், வெவ்வேறு கஷ்டத்துக்காக எழுதப்பட்டது. திரையில் வரும் வரியும் ஒருவிதத்தில் கல்வெட்டு மாதிரிதான். எந்தக் காலத்து எழுத்து என்று தெரிந்தால், யார் பேசுகிறார்கள், கை எங்கே நழுவியது என்பதும் தெரிந்துவிடும். அந்தக் கதையைக் கொஞ்சம் வரிசையாகப் பார்ப்போம்.

முட்டையா, கோழியா?

பிராசசருக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். மெமரியில் இருக்கும் கட்டளையை எடுத்துச் செய்வது. மின்சாரம் வந்த நொடியில் மெமரி காலி. டிஸ்க்கிலிருந்து புரோகிராமை மெமரிக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், அதைக் கொண்டுவர ஒரு புரோகிராம் மெமரியில் ஏற்கனவே இருக்க வேண்டும். அது எங்கிருந்து வரும்?

ஷூவின் பின்பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ள ஒரு வார் இருக்கும். அதற்கு பூட்ஸ்ட்ராப் என்று பெயர். தன் ஷூ வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்ற நடக்காத காரியத்தை வைத்துத்தான் இந்தச் சிக்கலுக்குப் பெயர் வந்தது. நாம் தினமும் சொல்லும் 'பூட்' அதன் சுருக்கம்.

ஆரம்ப காலத்தில் இந்த முடிச்சை மனிதக் கைதான் அவிழ்த்தது. 1975-இல் வந்த ஆல்டேர் 8800 மெஷினின் முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள் இருக்கும். துவக்கப் புரோகிராமை ஒவ்வொரு பைட்டாக அந்தச் சுவிட்சுகளைத் தட்டி உள்ளே ஏற்ற வேண்டும். அது ஓடத் தொடங்கிய பிறகுதான் காகித நாடாவிலிருந்து பெரிய புரோகிராமைப் படிக்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன், தாங்கள் எழுதிய பேசிக்கை ஆல்டேரில் ஓட்டிக் காட்ட ஆல்புகர்க்கிக்கு விமானத்தில் போய்க்கொண்டிருந்தபோதுதான், துவக்கப் புரோகிராமை எழுதவே மறந்துவிட்டோம் என்பது ஞாபகம் வந்தது. இறங்குவதற்குள் விமானத்திலேயே எழுதி முடித்தார்.

மின்சாரம் போனால் சுவிட்சில் ஏற்றியது எல்லாம் போய்விடும். மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும். அந்தச் சில பைட்டுகளை அழியாத ராம் சிப்பில்... தப்பு, அழியாத ரோம் சிப்பில் பதித்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்படிப் பதித்து வைத்ததுதான் நம் பயாஸ். அந்தப் பெயர் 1970-களில் கேரி கில்டால் தன் சிபி/எம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்காக வைத்தது.

1981: 512 பைட் ஒப்பந்தம்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தது. அதன் பயாஸ் செய்த வேலை ரொம்பச் சின்னது. மெமரி, கீபோர்டு எல்லாம் சரியா என்று பார்க்கும். பிறகு ஃப்ளாப்பியின் முதல் செக்டாரை, அதாவது முதல் 512 பைட்டை, மெமரியில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டுவந்து, "இனி உன் பாடு" என்று அதனிடம் ஒப்படைத்துவிடும். அதில் என்ன எழுதியிருக்கிறது, அது டாஸா வேறு ஏதாவதா என்று பயாஸுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலாது.

அந்த இடத்தின் முகவரி ஹெக்ஸ் எண்ணில் 7சி00. சாதாரண எண்ணில் 31,744. ஏன் இப்படி ஒரு விசித்திரமான எண்? அன்று டிஸ்க் வைத்து வேலை செய்யக் குறைந்தபட்சம் 32 கேபி மெமரி வேண்டும் என்று கணக்கு. அந்த 32 கேபியின் கடைசி 1 கேபியைத் துவக்க வேலைக்கு ஒதுக்கினார்கள். 32,768-இல் 1,024-ஐக் கழித்துப் பாருங்கள், அதே எண் வரும். பல ஜிபி மெமரி வைத்துக்கொண்டும், பழைய முறையில் துவங்கும் கணினிகள் எல்லாம் இன்றும் அதே முகவரியில்தான் வந்து நிற்கின்றன.

ஃப்ளாப்பி இல்லையென்றால்? முதல் பிசி எந்த எரரும் காட்டாது. ரோமிலேயே பதித்திருந்த பேசிக் மொழிக்குப் போய்விடும். டிஸ்க்கே இல்லாமல், கேசட் டேப்பை வைத்துக்கூட வேலை பார்க்கலாம் என்ற காலம் அது. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

1983: ஹார்ட் டிஸ்க்கின் முதல் பக்கம்

1983 மார்ச்சில் வந்த பிசி எக்ஸ்டியில் 10 எம்பி ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதோடு வந்த டாஸ் 2.0-தான் டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஃப்ளாப்பி மாதிரி மொத்த டிஸ்க்கும் ஒரே சிஸ்டத்துக்குச் சொந்தம் இல்லை, நாலு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றானது. அப்படியானால் எந்தப் பங்கிலிருந்து துவங்குவது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. டிஸ்க்கின் முதல் செக்டாரில் அந்த ஆளை உட்கார வைத்தார்கள். மாஸ்டர் பூட் ரெக்கார்டு, சுருக்கமாக எம்பிஆர்.

அதே 512 பைட்தான். 446 பைட் புரோகிராம். 16 பைட் வீதம் நாலு பார்ட்டிஷனுக்கு 64 பைட் அட்டவணை. கடைசி 2 பைட்டில் 55, ஏஏ என்று ஒரு முத்திரை. அட்டவணையில் 'ஆக்டிவ்' என்று குறி வைத்த பார்ட்டிஷன் எது என்று பார்த்து, அதன் முதல் செக்டாரை ஏற்றி, அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடும்.

446 பைட்டில் நீளமாக மன்னிப்புக் கேட்க இடம் இல்லை. மூன்றே மூன்று வரிகள்:

"இன்வேலிட் பார்ட்டிஷன் டேபிள்": அட்டவணை குளறுபடி, உதாரணமாக இரண்டு பார்ட்டிஷனுக்கு ஆக்டிவ் குறி.

"எரர் லோடிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்": பார்ட்டிஷனைக் கண்டுபிடித்தேன், படிக்க முடியவில்லை.

"மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்": படித்தேன், ஆனால் முத்திரை இல்லை.

விண்டோஸ் 7 போடும் எம்பிஆரிலும் இதே மூன்று வரிகள் இருக்கின்றன. இதில் நிஜமாகவே டிஸ்க்கின் உடம்பைச் சந்தேகிக்க வேண்டியது நடுவில் உள்ள ஒன்றுக்குத்தான். மற்ற இரண்டும் எழுத்துப் பிழைகள், திருத்திவிடலாம்.

இப்போது அந்தப் பேசிக் கதை. ஆக்டிவ் குறி எதற்குமே இல்லை என்றால் எம்பிஆர் என்ன செய்யும்? பயாஸிடம் திருப்பிக் கொடுத்து, ரோம் பேசிக்குக்குப் போகச் சொல்லும். ஐபிஎம் மெஷினில் அது இருந்தது. மற்ற கம்பெனிகள் செய்த பிசிக்களில் அந்தச் சிப் கிடையாது. அதனால்தான் அவற்றில் சிலவற்றில் "நோ ரோம் பேசிக், சிஸ்டம் ஹால்டட்" என்று ஒரு வரி வரும். பேசிக் மொழியையே பார்த்திராத ஆட்கள் இதைப் படித்துக் குழம்பிப்போனார்கள். அர்த்தம் என்னவோ எளிது: ஆக்டிவ் பார்ட்டிஷன் எது என்று குறிக்க மறந்துவிட்டாய்.

1984: பேட்டரி வந்தது, மறதியும் வந்தது

அக்கா வீட்டுக் கதைக்கு முக்கியமான வருடம் இதுதான். 1984-இல் வந்த பிசி ஏடியில் ஒரு கடிகாரச் சிப் இருந்தது. அதோடு சேர்ந்து பேட்டரியில் ஓடும் சின்ன மெமரி. என்ன டிஸ்க், எத்தனை மெமரி என்பதை எல்லாம் அதில் எழுதி வைத்தார்கள். சிமாஸ் என்று நாம் சொல்வது அதைத்தான். அதுவரை போர்டில் இருந்த குட்டிச் சுவிட்சுகள் செய்த வேலை அது.

டிஸ்க் என்ன ரகம் என்பதை அன்று ஒரு எண்ணாகக் கொடுக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் அந்த எண் மறந்துவிடும். எண் தெரியாவிட்டால் பயாஸைப் பொறுத்தவரை டிஸ்க்கே இல்லை. உள்ளே டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு பைட்கூடக் கெட்டிருக்காது, ஆனால் கணினி துவங்காது. பிறகு டிஸ்க்குகள் தாமே தங்கள் விவரத்தைச் சொல்லக் கற்றுக்கொண்டன. இருந்தாலும் கடிகாரத்தோடு அமைப்புகளும் மறந்துபோகும் வியாதி பல போர்டுகளில் இன்றும் தொடர்கிறது.

அந்த 512 பைட் பட்ட பாடு

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் இடத்தைத் திருடன் விடுவானா? 1986-இல் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ் ஃப்ளாப்பியின் பூட் செக்டாரில் போய் உட்கார்ந்தது. 'மைக்கலேஞ்சலோ' மார்ச் 6-ஆம் தேதி விழித்து டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்தது. 1992-இல் உலகம் முழுக்க அதைப் பற்றி ஒரே பீதி.

லினக்ஸ் பக்கம் லைலோ என்று ஒரு பூட் லோடர் இருந்தது. எனக்கு அதன்மேல் தனி மரியாதை. எல், ஐ, எல், ஓ என்று தன் பெயரின் நாலு எழுத்தையும் ஒவ்வொரு படி தாண்டும்போது ஒவ்வொன்றாகத் திரையில் எழுதும். 'எல், ஐ' என்று நின்றுவிட்டால், இரண்டாம் கட்டப் புரோகிராமை ஏற்றியாயிற்று, அது ஓடவில்லை என்று அர்த்தம். எந்தப் படியில் கால் இடறியது என்பதை நாலு எழுத்தில் சொல்லிய நேர்மையான மென்பொருள்.

அந்தக் காலத்தில் டிஸ்க் நன்றாக இருந்தும் துவங்காமல் போக இன்னொரு காரணமும் உண்டு. பழைய பயாஸ் 1,024 சிலிண்டர் வரைக்கும்தான் எண்ணும். அதற்கு அப்பால் கர்னல் இருந்தால் அதன் கைக்கு எட்டாது. அதனால்தான் லினக்ஸ் போடும்போது டிஸ்க்கின் தொடக்கத்தில் பூட்டுக்கென்று ஒரு குட்டிப் பார்ட்டிஷன் பிரிக்கச் சொல்வார்கள். பலர் காரணம் தெரியாமலே வருடக்கணக்கில் அதைச் செய்துவந்தோம், நான் உட்பட.

எம்பிஆருக்குப் பிறகு

எம்பிஆர் அட்டவணையில் செக்டார் எண்ணுக்கு 32 பிட். 512-ஆல் பெருக்கினால் சுமார் 2.2 டிபி. டிஸ்க் அதைவிடப் பெரிதானால் மிச்சத்தைக் குறிக்க முடியாது. இதற்கான மாற்று முன்பே தயாராகத் தொடங்கியிருந்தது. இட்டானியம் பிராசசருக்காக இன்டெல் தொடங்கிய இஎஃப்ஐ, 2005-இல் பல கம்பெனிகள் சேர்ந்த பொது அமைப்பின் கைக்குப் போய் யுஇஎஃப்ஐ ஆனது. பார்ட்டிஷன் அட்டவணைக்கு ஜிபிடி வந்தது.

இது அடிப்படையையே மாற்றியது. பழைய பயாஸுக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது, முதல் செக்டார் மட்டும்தான். யுஇஎஃப்ஐ ஃபைல்களைப் படிக்கும். டிஸ்க்கில் ஒரு தனிப் பார்ட்டிஷன், அதில் சாதாரண ஃபைலாகப் பூட் லோடர். எந்த டிஸ்க்கில், எந்த ஃபைல் என்ற குறிப்பு மதர்போர்டில் இருக்கும்.

முன்பு "என்னிடமிருந்து துவங்கு" என்ற தகவல் டிஸ்க்கிலேயே இருந்தது. இப்போது பாதி டிஸ்க்கில், பாதி மதர்போர்டில். ஒரு பாதி மறந்தால் மறுபாதி முழுசாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. பழைய முறையில் போட்ட விண்டோஸை யுஇஎஃப்ஐ முறையில் மட்டும் தேடினால் கிடைக்காது. இருக்கும், ஆனால் தேடுகிறவருக்குத் தெரியாது.

திருச்சிக்குத் திரும்புவோம்

மத்தியானம் வாட்ஸப் வீடியோவில் அக்கா. ஆன் செய்ததும் டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்லி, செட்டப் திரைக்குள் போனோம்.

"மேல தேதி என்ன காட்டுது?"

"ஜனவரி 1, 2013."

பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. "கீழ ஸ்டோரேஜ்னு ஏதாவது இருக்கா?" இருந்தது. ஹார்ட் டிஸ்க்கின் மாடல் எண், 500 ஜிபி. டிஸ்க் தன் பெயரையும் அளவையும் சரியாகச் சொல்கிறது. கடகடவென்று சத்தம் எதுவும் இல்லை. செத்தவன் பேர் சொல்வானா?

பிறகு பூட் பக்கம். யுஇஎஃப்ஐ மட்டும் என்று இருந்தது. அந்த போர்டு விண்டோஸ் 8 காலத்தது. ஆனால் அசெம்பிள் செய்தவர் அதில் பழைய முறையில், எம்பிஆர் வைத்து, விண்டோஸ் 7 போட்டிருந்தார். அதற்காக செட்டப்பில் 'லெகசி' என்று மாற்றி வைத்திருக்க வேண்டும். பத்து வருடம் கழித்துப் பேட்டரி தீர்ந்தது. கடிகாரம் பிறந்த நாளுக்குத் திரும்பியது, அந்த மாற்றமும் மறந்துபோனது. 1984-இன் வியாதிதான்.

லெகசி என்று மாற்றி, சேவ் செய்து, ரீஸ்டார்ட். விண்டோஸ் வந்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை, போனைக் கீழே வைத்துவிட்டாள் போல, சீலிங் ஃபேன் தெரிந்தது.

"அக்கா, முதல்ல பென் டிரைவ் எடு. ஆஃப் பண்ணாம, போட்டோவை எல்லாம் காப்பி பண்ணு. மத்ததெல்லாம் அப்புறம்."

மறுநாள் மாமா புது சிஆர் 2032 பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டார். அதற்கான செலவு இரண்டு டீ, இரண்டு வடை அளவுதான்.

உங்களுக்கு வந்தால்

கடைக்காரப் பையனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. "ஹார்ட் டிஸ்க் போச்சு" என்ற ஒரே வாக்கியத்தில் நாலைந்து வெவ்வேறு கோளாறுகளை நாம் எல்லோருமே அடைத்து வைத்திருக்கிறோம். பிரித்துப் பார்க்க இந்த வரிசை உதவும்.

முதலில் திரையில் உள்ளதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது படம் எடுங்கள். பென் டிரைவ் எதுவும் செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஃப்ளாப்பியை உள்ளேயே மறந்துவிட்டு "நான்-சிஸ்டம் டிஸ்க்" என்று திட்டு வாங்கிய தலைமுறையின் அனுபவம் இது.

அடுத்து, செட்டப்பில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் மெஷினை அணைத்து, கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். தெரிந்தால் தேதி சரியா, பூட் வரிசை சரியா, யுஇஎஃப்ஐயா லெகசியா, சாட்டா முறை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சாட்டா முறை மாறினால் விண்டோஸ் பாதி வந்து நீலத் திரையில் நிற்கும்.

"என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்றால் எக்ஸ்பி காலத்து விண்டோஸ், "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்றால் விஸ்டாவும் அதற்குப் பிந்தியதும். இரண்டிலுமே சங்கிலி பார்ட்டிஷன் வரை வந்துவிட்டது, ஒரு ஃபைல்தான் சிக்கவில்லை. பெரும்பாலும் போட்டோக்கள் பத்திரம்.

டிஸ்க் டக் டக் என்று அடித்தாலோ, ஒரு தடவை தெரிந்து ஒரு தடவை மறைந்தாலோ, நிஜமாகவே சாகக் கிடக்கிறது. மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் மிச்சம் இருப்பதைக் குறைக்கும்.

எந்த நிலையிலும் ரிப்பேர், ஃபார்மட், ரீஇன்ஸ்டால் எல்லாம் கடைசி. பென் டிரைவில் லினக்ஸ் போட்டுத் துவக்கியோ, டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கணினியில் செருகியோ, முதலில் வேண்டியதைக் காப்பி எடுங்கள். புதிய லேப்டாப்பில் பிட்லாக்கர் போட்டிருந்தால் செட்டப்பில் கை வைக்கும் முன் அதன் ரெக்கவரி கீ கையில் இருக்கட்டும்.

அந்த வாரம் அக்கா ஒரு படம் அனுப்பினாள். 1978 வாக்கில் எடுத்தது, அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், முன் பாரில் அக்கா. இப்போது அது மூன்று இடத்தில் இருக்கிறது. அவள் டிஸ்க்கில், என் டிஸ்க்கில், மாமாவின் பீரோவில் இருக்கும் பென் டிரைவில்.

இந்தப் பதிவைப் படித்து முடித்ததும் உங்களுடையது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.